எரிந்துபோன ஏழாம் பாகம்

கிட்ட வந்து உட்காருங்கள் தாயி, இன்னும் கொஞ்சம் கிட்ட, முட்டியோடு முட்டி இடித்தாலும் பரவாயில்லை. இதை நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை. பயத்தினால் இல்லை, இதில் வருகிற ஆள் இன்னமும் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறான், காதில் விழுந்தால் சங்கடப்படுவான்.

எங்கள் ஊர் சாத்தூருக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கிறது. மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் பட்டாசு என்று இருந்த ஊர், பெய்தாலும் பட்டாசு என்றாகி ரொம்ப நாளாச்சு. எங்கள் பெண்களை எந்தச் சந்தையில் பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். வெள்ளிப் பவுடர் ஏறின கை, புளி போட்டுத் தேய்த்தாலும் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் விடாது, பாடையில் கிடக்கும்போதுகூடக் கை மட்டும் அம்மன் சிலையின் கை மாதிரி மினுங்கும்.

வெடிக்குழாய் உருட்டப் பழைய பேப்பர் மெட்ராஸிலிருந்து லாரியில் வரும். யாரோ எழுதின பரீட்சைத் தாள், யாருக்கோ நடந்த கல்யாணத்தின் பத்திரிகை எல்லாம் எங்கள் மடிக்கு வந்து, பசை தடவி, குழாயாகி, மருந்து நிரம்பி, வெடித்துப் போகும். அந்தச் சித்திரையில் ஒரு மூட்டையைப் பிரித்தால் ஏழு புத்தகம், ஒரே மாதிரி அட்டை, ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டு, சணலால் கட்டி உள்ளே இருந்தது. 'இருளூர் இளவரசன்' என்று பெயர். கிழிக்கப் போன கையைத் தட்டிவிட்டு அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டவள் வெயிலு.

வெயிலுகந்தாள் என்பது முழுப்பெயர். பத்தாவது வரைக்கும் படித்தவள். அப்பன் போனபிறகு அம்மா குருவம்மாளும் அக்கா சோலையும் மருந்து ரூமில் வேலை பார்க்க, இவளை மட்டும் நெருப்புப் பயம் இல்லாத குழாய்க் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். மத்தியானம் கஞ்சி குடிக்கிற நேரத்தில் எல்லாரும் கொட்டகைக்கு வந்துவிடுவோம். வெயிலு வாய்விட்டுப் படிப்பாள், அவள் பங்குக் குழாயை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக உருட்டிக் கொடுத்துவிடுவோம்.

கதை இதுதான். மெட்ராஸில் பன்னிரண்டாவது படிக்கிற நிஷா என்கிற பெண், டியூஷனுக்குப் போகிற வழியில் ஒரு பையனைப் பார்க்கிறாள். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டான், நிழல் விழாது, தொட்டால் கை ஐஸ்கட்டி. செத்தவர்கள் குடியிருக்கிற இருளூர் பூமிக்குக் கீழே இருக்கிறதே, அதற்கு இளவரசன் அவன். இவளைக் கட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். இவள் போகவா வேண்டாமா என்று பாகம் பாகமாக அழுகிறாள்.

"கோட்டுக்குள்ள வேர்க்காதாடி அவனுக்கு?" என்பாள் குருவம்மா.

"தொட்டா சில்லுன்னு இருப்பானாம்ல. இந்த வேக்காட்டுல அப்படி ஒருத்தன் கிடைச்சா, இந்தா, இப்பவே கிளம்பிருவேன்" என்பாள் சுப்புத்தாய். ரெண்டு மகள்களையும் மருந்து ரூமுக்கு அனுப்பிவிட்டு, மூட்டு வலிக்கிறது என்று கொட்டகையில் உட்கார்ந்து ஊரை ஆள்கிறவள் அவள்.

"உன் மூட்டுக்கு ஒத்தடம் குடுப்பான் அத்தே, போ" என்பாள் சோலை. சிரித்தால் பவுடர் ஒட்டிவிடுமென்று வெள்ளிக் கை ரெண்டையும் காற்றில் தூக்கி வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

மூன்றாம் பாகத்தில் ஒரு சட்டம் வந்தது. எந்த உலகத்துச் சோறு ஒரு பருக்கை வயிற்றுக்குள் போகிறதோ அந்த உலகத்து ஆளாகிவிட வேண்டியதுதான், பிறகு திரும்ப முடியாது. அதனால்தான் இளவரசன் மேலே வந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று எழுதியிருந்தது.

"இது நம்ம வழக்கந்தானடி. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டோம்ல? எழுதுனவன் நம்ம பக்கத்து ஆளாத்தான் இருப்பான்" என்று சுப்புத்தாய் தீர்ப்புச் சொன்னாள்.

மூன்றாம் பாகம் முடிந்த மறுநாள், ஆடி மாசம், காலை பத்தரைக்கு, தெற்கு மருந்து ரூம் வெடித்தது. பெண்கள் தண்ணீர் குடிக்கிறேன் என்று அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று போர்மேன் தவசி பின்கதவைப் பூட்டி வைத்திருந்தான். உள்ளே பதினோரு பேர். குருவம்மா அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள், சோலை போயிருந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள், கடைசியாக வாயில் போடுகிற வாய்க்கரிசியை வாய் எங்கே இருக்கும் என்று துணிக்கு மேலே தடவித் தடவித்தான் எல்லாரும் போட்டோம். அக்காளுக்கு வெயிலு மூன்று பிடி போட்டாள்.

பதினாறாம் நாள் முடியுமுன்பே தீபாவளி ஆர்டர் வந்துவிட்டது. இடிந்த ரூமை அவசரமாக எழுப்பி, புதுப் பின்கதவையும் பூட்டிவிட்டார்கள். பேப்பர் போதவில்லை என்று தவசி கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளி எங்கள் மடியில் எறிந்தான். நாங்களும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, என்ன தாள் என்று பாராமல் கிழித்தோம், உருட்டினோம், அடுக்கினோம். பிறகு ஒருநாள் சுப்புத்தாய்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பையன் என்ன ஆனான்னு படிடி, மனசு கிடந்து அடிச்சுக்கிது" என்றாள். வெயிலு நாலாம் பாகத்தை எடுத்தாள், ஐந்தை முடித்தாள், ஆறாவதின் கடைசிப் பக்கத்தில் நிஷா கிணற்று விளிம்பில் ஒரு காலை வைத்து நிற்க, ஏழாவதைத் தேடினால் காணோம். அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது, ஏழாம் பாகத்தை உருட்டினது எங்கள் கைதான் என்று. அது வெடியாகி, லாரி ஏறி, ஊர் ஊராகப் போய், தீபாவளிக்கு வெடித்துச் சாம்பலாகிவிட்டது.

எரிந்தது எங்கே போகும் தாயி? செத்தவர்களுக்கு வேண்டியதை எரித்துத்தானே அனுப்புகிறோம். ஏழாம் பாகம் கீழே போய்ச் சேர்ந்துவிட்டது. சேர வேண்டியவன் கையில் சேர்ந்து, அவன் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டான்.

கார்த்திகை பிறந்த முதல் வெள்ளி, காலை வெயில் சுள்ளென்று அடிக்கையில், ஆலைக்குப் பின்னால் இருக்கிற பாழுங்கிணற்றிலிருந்து கறுப்புக் கோட்டோடு ஒருவன் ஏறி வந்தான். அவனுக்குப் பின்னால் தட்டு ஏந்திப் பதினோரு பெண்கள் ஒருத்திபின் ஒருத்தியாக வந்தார்கள். எல்லாம் எங்கள் பெண்கள், ஆடியில் போனவர்கள். முகத்தில் தீக்காயம் இல்லை, கை மட்டும் மினுங்கியது. நேராகக் குருவம்மா வீட்டு வாசலில் நின்றார்கள்.

"பெண் பார்க்க வந்திருக்கிறோம், என் கதையை வாய்விட்டுப் படித்தவளை" என்றான் அவன், புத்தகத்தில் பேசுகிற மாதிரியே.

பாய் விரித்தோம். வேறென்ன செய்வோம், பெண் கேட்டு வாசலுக்கு வந்தவர்களை நிற்கவா வைப்பது? சுப்புத்தாய் எந்த ஊர், சொத்து என்ன, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டாள். மாமியார் இல்லை என்றதும் அவள் முகம் மலர்ந்தது. அதற்குள் தெருவே திரண்டு, போன பெண்களிடம் அவரவர் செய்தியைச் சொல்லத் தொடங்கிவிட்டது. ஒருத்தி மகளுக்குச் சளிக்கு மிளகு கொடுத்துவிட்டாள், ஒருத்தி, போன மகளின் புருஷன் மறுகல்யாணம் செய்துகொண்டதை அவளிடம் சொல்லவா வேண்டாமா என்று முழித்தாள். பஜ்ஜியும் கேசரியும் தட்டில் ஆறிக் கிடந்தது. மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடவில்லை.

வெயிலு சோலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாலாம் பாகத்துல என்னடி ஆச்சு?" என்றாள் சோலை. முதல் வார்த்தையே அதுதான். கன்னத்துக்குள் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறியது.

"வாயில என்னக்கா?"

சோலை வாயைத் திறந்து காட்டினாள். பச்சரிசி. "நீ போட்டதுதான். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. நீங்க ஊட்டித்தானடி எங்களை அங்க அனுப்புனீங்க." கோபமாகச் சொல்லவில்லை, சளிக்கு மிளகு வாங்கிக்கொண்ட மாதிரிதான் சொன்னாள். பிறகு மாப்பிள்ளைப் பக்கம் கண்ணைக் காட்டி, "அவனுக்குப் போட ஆளில்லை. அவன் பிறக்கவும் இல்ல, சாகவும் இல்ல. ஒரு பருக்கை அவன் வாயில பட்டதில்ல" என்றாள்.

வெயிலு அதைக் கேட்டுக்கொண்டாள். நாலாம் பாகத்தைச் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"பெண்ணைக் கொடுங்கள். அவள் அங்கே இருக்கிற காலம் வரைக்கும் இந்த ஊரில் தீயினால் ஒருவரையும் எடுக்க மாட்டேன். தை முதல் வெள்ளி பூ வைக்க வருகிறேன்."

குருவம்மா மாட்டேன் என்றாள். ஒன்றைக் கொடுத்த வயிறு, இன்னொன்றையும் கேட்காதீர்கள் என்றாள். அன்று பொழுது சாயுமுன் மருந்து ரூமுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஒவ்வொருத்தியும் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். சுப்புத்தாய் வலிக்கிற முட்டியை மடக்கி மண்ணில் விழுந்து அவள் காலைப் பிடித்தாள். "என் ரெண்டு பிள்ளையும் உன் வாய்லதான் இருக்கு குருவு. உம் பொண்ணு சாகப்போறதில்ல, கட்டிக்கிட்டுத்தான போறா." எல்லாரும் அழுதார்கள், எல்லாரும் கேட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன் தாயி, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குருவம்மா பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

பெண் கைக்கு வருமுன்பே மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மார்கழியில் மருந்துத் தொட்டிக்குள் ஒரு பொறி விழுந்து, தண்ணீரில் விழுந்த மாதிரி அவிந்தது. நாலு பேர் கண்ணால் பார்த்தார்கள். உடனே கும்பிட்டோம். அடுத்த நாள் தவசி, ஆடிக்குப் பிறகு ஒரு ரூமுக்கு நாலு பேர் என்று குறைத்திருந்ததை எட்டு பேராக்கினான், அதற்கடுத்த வாரம் பன்னிரண்டாக்கினான். தீ பிடிக்காத ஊருக்கு ஜன்னல் எதற்கு என்று சாக்கு அடைத்தான். பின்கதவுப் பூட்டு அப்படியே தொங்கியது. தண்ணீர் வாளியை எடுத்துப் பசை காய்ச்சினார்கள். வெயிலு இதையெல்லாம் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டே குழாய் உருட்டினாள். தன்னைக் கொடுத்து ஊர் என்ன வாங்குகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தை வெள்ளி வந்தது, வாசலில் பந்தல் போட்டிருந்தோம். மறுபடியும் கிணறு, மறுபடியும் கோட்டு, மறுபடியும் பதினோரு தட்டு. இந்தத் தடவை முதல் தட்டில் மூடி போட்ட ஒரு கிண்ணம், திறந்தால் எள்ளுச் சோறு.

"பெண் இதில் ஒரு வாய் உண்ண வேண்டும். பிறகு பூ வைக்கலாம்" என்றான்.

அங்கேதான் சுப்புத்தாய்க்கு ரோஷம் வந்தது. எமலோகத்துக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தவள், முறை தப்புவதற்குச் சம்மதிக்கவில்லை. "இது எந்த ஊர் நியாயம்? சம்பந்தம் முடிஞ்சா மாப்பிள்ளை வீட்டார்தான் பொண்ணு வீட்டுல கை நனைக்கணும். எங்க வீட்டுச் சோறு என்ன விஷமா? நீ கை நனை, அப்புறம் எங்க பிள்ளை நனைப்பா."

"எங்கள் வழக்கம் வேறு."

"உன் வழக்கத்தைக் கிணத்துக்குள்ள வச்சுக்கோ. பந்தல்ல நிக்கும்போது எங்க வழக்கம்."

ஊரே ரெண்டாகப் பிரிந்து வாதாடியது. இலை போட்டுச் சோறும் பருப்பும் பரிமாறி, உட்காருங்க மாப்பிள்ளை என்று கையைப் பிடித்து இழுத்தவர்கள் அந்தக் குளிர்ச்சியில் கையை உதறிக்கொண்டார்கள். அவன் அசையவில்லை. உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில் உள்ளேயிருந்து வெயிலு வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வலது கையை மூடி மடியில் வைத்திருந்தாள். கூச்சம் என்று நினைத்தோம்.

"நான் சாப்பிடுறேன்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. இவங்க எல்லாரும் ஆறு பாகம் கேட்டு, முடிவு தெரியாம கிடக்காங்க. நான் போயிட்டா படிச்சுச் சொல்லவும் ஆளில்ல. ஏழாம் பாகம் நீங்க படிச்சிருக்கீங்கல்ல? கடைசி வரியை உங்க வாயால சொல்லிருங்க. சொன்ன உடனே நான் கிண்ணத்துல கை வைக்கிறேன்."

அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் வந்தது. தன்னைப் பற்றின புத்தகம், கேட்க இத்தனை பேர், யாருக்குத்தான் ஆசை இருக்காது? நாங்கள் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு நெருங்கினோம். சூழ்ச்சி எதுவும் எங்களுக்குத் தெரியாது, நெசமாகவே முடிவைக் கேட்கத்தான் நெருங்கினோம். தவசிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டி நின்றான். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். நிஷா கிணற்றுக்குள் இறங்கினதைச் சொன்னான், எண்பத்தொரு படி என்றான், கடைசிப் படியில் அவள் திரும்பிப் பார்த்தாள் என்றான்.

"பார்த்து, அவள் சொன்னாள்..." என்று கடைசி வரிக்கு வாயை நன்றாகத் திறந்தான்.

வெயிலு மூடின கையைத் திறந்து, அக்காளுக்குப் போட்ட மாதிரியே, ஒரு பிடி பச்சரிசியை அவன் வாய்க்குள் போட்டாள். இந்தத் தடவை வாய் எங்கே என்று தடவ வேண்டியிருக்கவில்லை.

திடுக்கிட்டதில் அவன் முழுங்கிவிட்டான். மூன்றாம் பாகத்துச் சட்டப்படி எங்கள் ஊர் அரிசி அவன் வயிற்றுக்குள் போய்விட்டது.

இடி இடிக்கவில்லை, பூமி பிளக்கவில்லை. அவனுக்குப் புரையேறியது. சுப்புத்தாய் தன்னை மறந்து அவன் உச்சந்தலையில் தட்டி, "தண்ணி, தண்ணி குடுங்கடி" என்று கத்தினாள். செம்பை வாங்கி மடமடவென்று குடித்தான். குடித்ததும் நெற்றியில் வேர்த்தது. பந்தல் கீற்றின் ஓட்டை வழியே விழுந்த வெயிலில் அவன் காலடியில் ஒரு நிழல் கிடந்தது, அதை அவனே குனிந்து பார்த்தான்.

"அவள் என்ன சொன்னாள்?" என்று யாரோ கேட்டார்கள்.

அவன் யோசித்தான், யோசித்து யோசித்து முகம் வெளிறிப்போனான். கீழே இருந்தது ஒன்றுமே அவனுக்கு ஞாபகம் இல்லை. வீடு எங்கே என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியவில்லை.

பதினோரு பேரும் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். வாயில் அரிசி இருக்கும்போது அவர்களுக்குப் போக இடம் ஒன்றுதான். சோலை கடைசியாகப் போனாள். குருவம்மா ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தாள். பிடித்த கையில் வெள்ளிப் பவுடர் மட்டும் ஒட்டியது. கிணற்று விளிம்பில் சோலை தங்கச்சியைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்து, அரிசி வழுக்க, கேட்காமலே இறங்கிவிட்டாள்.

பிறகுதான் ஊர் முழித்துக்கொண்டது. சுப்புத்தாய் வெயிலுவின் கன்னத்தில் அறைந்தாள். "எங்க பிள்ளைங்க தலையில நெருப்பள்ளிக் கொட்டிட்டியேடி! இனிமே தீ வந்தா யாருடி தடுப்பா?"

"யாரும் தடுக்க மாட்டாங்கத்தே" என்றாள் வெயிலு, கன்னத்தைத் தடவிக்கொண்டே. "ஆனா இனிமே தீ வந்தா அவனும் நம்மளோடதான் வேகணும்."

திங்கட்கிழமை காலை அவனை ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தின்ற ஊரில் வேலை செய்ய வேண்டாமா? பருத்தி தவிர வேறு துணி மருந்து ரூமுக்குள் ஆகாது, உரசினால் பொறி வரும் என்று தவசி கோட்டைக் கழற்றச் சொன்னான். கழற்றினால் எங்கள் பையன்களைவிட ஒல்லியாக இருந்தான். வாசலுக்கு ரொம்பத் தள்ளி, சுவர் மூலையில், குருவம்மா பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த இடத்தில் வெயிலு அம்மாவை எழுப்பிவிட்டு அவனை உட்கார வைத்துச் சல்லடையைக் கையில் கொடுத்தாள். அவன் மருந்தை மோந்து பார்த்தான், சாக்கு அடைத்த ஜன்னலைப் பார்த்தான், பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"அந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கிறது?" என்றான்.

நாங்கள் எல்லாரும் தவசியைப் பார்த்தோம். ஆயிரம் தடவை நாங்கள் கேட்ட கேள்விதான். ஆனால் கேட்கிற வாய் எந்த வாய் என்று தவசிக்குத் தெரியும். சாவியை எடுத்துப் பூட்டில் போட்டான். ஆடிக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கதவு திறந்தது, காற்று வந்தது. தீ இனி வராதென்று நான் சொல்ல மாட்டேன் தாயி. நாலு தடவை வந்தது. ரெண்டு பேரைக் கொண்டுபோனது. சுப்புத்தாயின் மூத்தவள் அதில் ஒருத்தி. மற்றவர்கள் பின்கதவு வழியே ஓடினார்கள், எல்லாருக்கும் முன்னால் அவன் ஓடினான்.

அவனை உட்கார வைத்த அந்தத் திங்கட்கிழமையே வெயிலு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கை கழுவச் சொல்லி, உலை வைக்க உட்கார்ந்தாள். விறகு அடுக்கினாள். பரணிலிருந்து மிச்சம் இருந்த புத்தகங்களை எடுத்தாள். முதல் மூன்றையும் ஓரமாக வைத்தாள். அதெல்லாம் அக்கா ஏற்கனவே காதால் கேட்டதுதான். நாலாம் பாகத்தை மடியில் பிரித்து, முதல் பக்கத்தை ஓரம் பிசகாமல் கிழித்து, அடுப்பில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். அது முழுசாக எரிந்து முடிகிற வரைக்கும் காத்திருந்தாள், பிறகு ரெண்டாம் பக்கம், பிறகு மூன்றாம் பக்கம், கீழே வாங்குகிறவள் வரிசை தப்பாமல் படிக்க வேண்டுமே என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள்.